துருவி டீச்சர்

இரண்டே அறை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். சொந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் பாடம் நடத்தினார். சரியான பதில் சொன்ன பிள்ளையையும் விடமாட்டார். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று துருவித் துருவிக் கேட்பார். பிள்ளைகள் 'துருவி' என்று பெயர் வைத்தார்கள். பெற்றோர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

நாற்பத்தோரு வயதில், கடல் தாண்டி கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போவதாகச் சொன்னார். அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்க உனக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாது. அதனாலதான் போறேன்."

"பாஷை?"

"கத்துக்குவேன்."

கற்றுக்கொண்ட லட்சணம் முதல் பிரசங்கத்திலேயே தெரிந்துவிட்டது. 'கடவுள் உங்களை நேசிக்கிறார்' என்று சொல்ல வந்தவர், ஓர் எழுத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டார். அது அந்தப் பாஷையில் 'கடவுள் உங்களைத் துரத்துகிறார்' என்று ஆகிவிட்டது. முன்வரிசைப் பெரியவர் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாளே அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் முழங்கால் நுழையவில்லை. முதல் சொல்வதெழுதலில் பத்துக்கு இரண்டு.

பேச்சுப் பழக வீடு வீடாகப் போனார். கிணத்த யார் வெட்டினாங்க? கடைத்தெரு ஏன் இப்படிக் கோணலா போகுது? ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மூன்றாம் வருஷ அறிக்கையில் 'ஞானஸ்நானம்: நான்கு. கேட்டெழுதிய கதைகள்: இருநூற்றுப் பதினொன்று' என்று அனுப்பினார்.

'உங்களைப் பேச அனுப்பினோமா, கேட்க அனுப்பினோமா?' என்று தலைமையகம் கேட்டது.

'நான் கேட்டால்தான் அவர்களும் கேட்கிறார்கள்' என்று பதில் போட்டார்.

ஒன்பது வருஷத்தில் அந்த ஊர்ச் சரித்திரத்தைப் புத்தகமாக்கிவிட்டுத்தான் திரும்பினார். வந்ததும் கை சும்மா இருக்குமா? சொந்த ஊர்ச் சரித்திரத்தில் இறங்கினார்.

பள்ளிக்கூடச் சுவரில், 'நிறுவியவர்' என்ற எழுத்துக்கு மேலே அவருடைய தாத்தா படம் கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பீரோவைக் குடைந்தபோது, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அந்தத் தாத்தா எழுதிய மூன்று மனுக்கள் கிடைத்தன. 'பிள்ளைகள் படிக்கப் போய்விட்டால் மாடு மேய்ப்பது யார்?'

அவற்றைத் தன் புத்தகத்தில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் போட்டார். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தாத்தா மானத்தக் கப்பலேத்திட்டியே!"

"நான் எங்க ஏத்தினேன்? கையெழுத்து அவரோடது."

ஐந்து மாசம் பேச்சே இல்லை. தங்கை எதிரே வந்தால் அண்ணன் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிப் போனார்.

ஒருநாள் அண்ணி சாப்பாட்டு மேசையில் புத்தகத்தின் நாற்பத்து நான்காம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். பள்ளி திறந்த அன்று சேர்க்கைப் பதிவேட்டில் முதல் பெயர், தாத்தாவுடைய மகள். அதாவது இவர்களுடைய அத்தை. நாலு நாளாக அழுது, படிக்கப் போயே தீருவேன் என்று அடம்பிடித்து, அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாளாம்.

"பாதியில மூடி வெச்சிட்டு அஞ்சு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க!" என்றார் அண்ணி.

மறுநாள் காலை அண்ணன் தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

"அத்தை அழுததப் பத்தி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்."

"சொல்லுண்ணா, எழுதிக்கிறேன்."

மதியம் வரைக்கும் சொன்னார். இரண்டாம் பதிப்பில் அது ஆறு பக்கம் வந்தது. அடியில் பொடியெழுத்தில் ஒரு குறிப்பு: 'அண்ணன் சொன்னது. வேறு ஆதாரம் கிடைக்கவில்லை.'