எந்த எண்ணில் தப்பு

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ரயில் பார்க்க வேண்டுமென்றால் சின்னசேலத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ரயில்வே கேட்டை ஒட்டி மாமா வீடு இருந்தது. அதனால் எங்கள் தெருப் பிள்ளைகளிலேயே ரயிலைப் பற்றிப் பேசும் அருகதை எனக்கு மட்டும்தான் உண்டு என்று ஒரு திமிர். அப்போது ஏழாம் வகுப்பு. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

அம்மா பெரிய வீட்டில் மாட்டுக் கொட்டகை கூட்டுவாள். பொங்கல் லீவில் நானும் கூடப் போவேன். போவதும் வருவதும் தோட்டத்து வழி. முன்வாசலில் எங்களுக்கு வேலை இல்லை. அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேரப்பையன் ஒரு ரயில் வைத்திருந்தான். ஒன்றரைச் சாண் நீள எஞ்சின், நிஜ ரயில் போலவே உறுமும், கூவும், மணி அடிக்கும். கூவினால் தெருக்கோடி வரை கேட்கும். கண் ஆபரேஷன் செய்து படுத்திருந்த தாத்தா, "இன்னொரு வாட்டி கத்திச்சின்னா கெணத்துல போட்ருவேன்" என்று சொல்லிவிட்டார். பையனின் அப்பா திருக்கோவிலூர் போயிருந்தார். அழுதுகொண்டே ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு பையன் கொட்டகைக்கு வந்தபோது, அம்மா சாணி கொட்டப் போயிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு ரயில் தெரியுமா?"

என்னைப் போய் அக்கா என்று கூப்பிட்டு, ரயில் தெரியுமா என்றும் கேட்டால் நான் சும்மா நிற்பேனா? கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே கூடத்துக்குள் போய்விட்டேன்.

எஞ்சினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் எண். அதை ரிமோட்டில் அழுத்திவிட்டு, கூட்டவோ குறைக்கவோ வேண்டியதுதான். ஒன்று ஹாரன், இரண்டு உறுமல், மூன்று பிரேக், நான்கு மணி. அவன் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றி வைத்திருந்தான். ரயில் இன்னும் தூரத்தில் வரும்போது மாமா வீட்டில் கேட்குமே, அந்த அளவுக்கு ஹாரனை இறக்கினேன். உறுமலைக் கொஞ்சம் விட்டு வைத்தேன். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்கு உயிரே இருக்காது. மணியைச் சுத்தமாக நிறுத்தினேன். நம் ரயிலில் எங்கே மணி அடிக்கிறது? "இப்ப பாரு, இதான் ரயிலு" என்று ஓட்டிக் காட்டினேன். பையன் கைதட்டினான். உள்ளறையிலிருந்து தாத்தாவின் குரல் வரவே இல்லை. அவ்வளவு பெருமையாக நான் எந்தத் தரையிலும் உட்கார்ந்ததில்லை.

அப்போது பெரியவீட்டம்மா வந்தார். என்னையும் எஞ்சினையும் ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டவில்லை. "உங்கம்மா தேடுவா, போ" என்றார், தன்மையாகத்தான்.

மறுநாள் காலையில் துவைக்கிற கல்லின் மேல் எஞ்சின் காய்ந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. கூடத்தையும் கழுவி விட்டிருந்தார்கள். பணக்காரர்கள் பொருளை எவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் வியந்தேன். ஆமாம், வியந்தேன்! இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் எஞ்சின் கூவவில்லை, உறுமவில்லை, நகரக்கூட இல்லை.

"ஒம் பொண்ணு கைய வச்சா, வாயடச்சிப் போச்சி. இன்னாத்த நோண்டித் தொலச்சாளோ! நாளையிலேர்ந்து நீ வேலைக்கி வர வேணாம்" என்றார் பெரியவீட்டம்மா.

"சின்னப் பொண்ணுங்கம்மா, தெரியாம பண்ணிட்டாங்க" என்றாள் அம்மா. அந்தக் கல் அவளுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் அடித்தாள். "வூட்டுக்குள்ள எதுக்குடி போன? எதுக்குடி போன?" என்று அதையேதான் கேட்டாள். எதைக் கெடுத்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானோ, "ஒன்னையும் ரெண்டையும் கம்மிதாம்மா பண்ணேன், நால நிறுத்துனேன், மூண தொடவே இல்லம்மா" என்று விம்மிக்கொண்டே போனேன். மணியை நிறுத்தியதுதான் தப்போ என்று அதன் பிறகும் ரொம்ப நாள் குழம்பினேன். மஞ்சள் தண்ணீர் சொட்டியதை என் கண்ணால் பார்த்திருந்தும் குழம்பினேன்.

லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் பேட்டரி, பல்பு, ஒயர் இணைத்துக் காட்ட அறிவியல் சார் என்னைத்தான் கூப்பிட்டார். வகுப்பில் அதில் கெட்டி நான்தான். எழுந்தேன், ஆனால் மேஜைக்குப் போகவில்லை.

"வேணாம் சார்," என்றேன். "நான் தொட்டா கெட்டுப்போயிடும்."