காளியப்பன் போட்ட மசகு

சாஆ என்ற தோட்டத்து ஊரில் காளியப்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் அவனைப் பார்த்தவர்களும் கிடையாது. தோட்டத்து ரப்பர் பாளங்களை லாபிஸ் ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போகும் மாட்டு வண்டிக்காரன். அவன் வண்டி வந்தால் மாட்டுக் கழுத்து மணி மட்டும்தான் கேட்கும். அச்சு வாய் திறக்காது. எதிரே வருகிற வண்டி கிறீச்சிட்டாலும் அவனுக்குப் பொறுக்காது. நிறுத்தச் சொல்லி, தன் மசகு டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். சக்கரத்தைக் கழற்றினால் மசகு வைக்காமல் மாட்டக் கூடாது என்பது அவன் சட்டம். மற்றபடி சாமிக்குக்கூட அவன் அவ்வளவு பயந்தவனில்லை.

அப்படிப்பட்டவன் மாடுகளை விற்றுவிட்டுக் கார் வாங்கியது பவுசுக்காக அல்ல. முதல் பிள்ளை வழியில் பிறந்தது. மனைவி அங்கம்மாவுக்கு வலி கண்டதும் வண்டியைப் பூட்டிக் கிளம்பினான். லாபிஸ் போய், ரயிலைப் பிடித்து, செகாமட் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று நினைப்பு. மாடுகளும் தம்மால் ஆன மட்டும் நடந்தன. சடக்கு என்று சொல்லும் அந்த ரோட்டோரத்தில் ரப்பர் மரத்தடியில் பிறந்த அந்தப் பிள்ளை அன்று சாயங்காலம் வரைகூட இருக்கவில்லை.

வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ரப்பர் விலை விழுந்து மறுபடி எழுந்துகொண்டிருந்த சமயம், அங்கம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்த கையோடு காளியப்பன் மாடுகளைக் கொடுத்துவிட்டு, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன பழைய காரை வாங்கினான். ஓட்டக் கற்றுக்கொண்டான். லைசென்ஸ் எடுத்தான். ஆளேற்றிப் பிழைப்பும் நடந்தது. ஆனால் அந்தக் கார் எதற்காக வந்தது என்பது புருஷன் பெண்சாதி இருவருக்கும் தெரியும்.

காருக்குப் பின் சக்கரம் இரண்டில் மட்டும்தான் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு டிரம்முக்குள் ஒரு பட்டை அழுத்திப் பிடிக்கும். கால் பிரேக்குக்கும் கைப் பிரேக்குக்கும் அதே பட்டைதான். அது தேய்ந்து போயிருந்தது. லாபிஸில் சீனர் பட்டறை இருந்தது. ஆனால் தன் வண்டியில் இன்னொருவன் கை வைப்பதாவது? காளியப்பனே சக்கரங்களைக் கழற்றினான். புதுப் பட்டை வாங்கி, செம்பு ஆணி அடித்து, தலை வெளியே நீட்டாமல் தட்டி அமுக்கினான். குறை சொல்ல முடியாத வேலை. அதோடு விட்டிருக்கலாம். சக்கரத்தை மாட்டப் போகும்போது கை தன்னால் டின்னுக்குப் போனது. சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் குடம் நிரம்பி வழிய வழிய மசகை அப்பினான், வழிந்ததைத் துடைத்தான், மாட்டினான். வாசலில் ஓட்டிப் பார்த்தபோது கார் மிதித்த இடத்தில் நின்றது.

மறுநாள் அங்கம்மாவைச் சந்தைக்கு அழைத்துப் போனான். மளிகைக் கடை மீரா சாகிபும் ஒரு கூடை முட்டையோடு பின்னால் ஏறிக்கொண்டார். லாபிஸ் போகிற வழியில், பாதிக்கு மேல், சீனர் இடுகாட்டை ஒட்டி ஒரு மேடு உண்டு. உச்சியிலிருந்து இறங்கும்போது காளியப்பன் பிரேக்கை மிதித்தான். மிதி இறங்கியது, வேகம் இறங்கவில்லை. கைப் பிரேக்கை இழுத்தான். அதுவும் பேருக்குத்தான். எப்படியோ கியரைத் தாழ்த்தி, ஓரத்து லாலான் புல்லுக்குள் காரை ஏற்றினான். புல்லும் மண்ணும் பிடித்து நிறுத்தின. யாருக்கும் அடியில்லை.

மீரா சாகிபு கூடையைத் திறந்து பார்த்தார். "அலமாக், காளியப்பா, நிப்பாட்டுறதா இருந்தா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நல்லவேள, ரெண்டுதான் ஒடஞ்சிருக்கு."

"பிரேக் புடிக்கல, பாய்."

"அது எனக்கே தெரிஞ்சிருச்சு லா."

அங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். சாஆ பக்கம் போகும் மாட்டு வண்டி ஒன்று வந்தது. அதைக் கை காட்டி நிறுத்தி, ஏறி உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். காளியப்பன் அந்த வண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். கார் வைத்திருக்கிற வேறு எவன் பெண்சாதியும் மாட்டு வண்டியில் போகலாம். இவன் பெண்சாதி போகக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான், "நாளைக்கே சரி பண்ணிடறேன் புள்ள."

"சரி பண்ணிட்டேன்னு சொல்லித்தான் இன்னைக்கும் கூட்டிட்டுப் போனீங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "ஏன் நிக்கலன்னு கண்டுபுடிங்க. அது தெரியாம நான் அதுல ஏற மாட்டேன்."

அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது.

காலையில் காளியப்பன் காரை எடுத்து மிதித்தான். அருமையாக நின்றது. இதென்னடா கூத்து என்று இறங்கி அடியில் படுத்தான். மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி தளர்ந்திருப்பது போலத் தோன்றியது. இறுக்கினான். தனியாக மேட்டுக்கு ஓட்டிப்போனான். முன்னாலேயே கியரைத் தாழ்த்தி வைத்திருந்ததால் பிழைத்தான். பிரேக் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றினால் பட்டை ஈரம். சடக்கில் தேங்கிய மழைத் தண்ணீர் என்று முடிவு கட்டினான். துடைத்து, வெயிலில் காயவைத்து, மசகு வைத்து மாட்டினான். வாசலில் நின்றது, மேட்டில் நிற்கவில்லை. மறுபடி கழற்றினான். தொட்டு மோந்து பார்த்தால் தண்ணீரில்லை, எண்ணெய். இன்ஜின் எண்ணெய் எங்கிருந்தோ தெறிக்கிறது என்று காரின் வயிற்றையே துழாவினான். பட்டையைப் பெட்ரோலில் கழுவி, பழையபடி தாராளமாக மசகு வைத்து மாட்டினான். மேடு மறுபடியும் அவனைக் கைவிட்டது. மனிதன் சோறு தண்ணியை மறந்தான். பட்டறைக்குப் போகலாம் என்று யாராவது வாயெடுத்தால் முறைத்தான்.

அன்றும் சக்கரம் தரையில் கிடந்தது. அங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் டின்னுக்குள் கைவிட்டு மசகை அள்ளினான்.

"நேத்துத்தான வச்சீங்க?"

"சக்கரத்தக் கழட்டிட்டு மசகு வைக்காம மாட்டுறதா?"

"மாட்டு வண்டிக்கு வச்சா மிச்சம் வழிஞ்சு மண்ணுல விழும். சடக்கு பூரா நீங்க போன தடம் தெரியும்." அவள் ஒரு கல்லைச் சுண்டி எறிந்தாள். "இதத்தான் சட்டி வச்சு மூடின மாதிரி மூடியிருக்கே. இதுல மிச்சம் எங்க போகும்?"

காளியப்பன் கையில் அள்ளிய மசகைப் பார்த்தான். பிறகு டிரம்மைப் பார்த்தான். காலையில் மசகு கெட்டியாகக் குடத்திலேயே இருக்கிறது. முன்னே ஊறியதும் ஆறி இறுகிவிட, வாசலின் மெதுவான ஓட்டத்தில் பிரேக் பிடிக்கிறது. மேடு வரை ஓடியதும் சூடு ஏறி உருகுகிறது. வெளியே விழ வழியில்லாமல் டிரம்முக்குள் இறங்கிப் பட்டையில் ஊறுகிறது. தெறிக்கிற எண்ணெயைத் தேடி அடியில் புரண்டானே, அதை ஊற்றியவனே அவன்தான். பிரேக் கெட்டுப்போன ஒவ்வொரு தடவையும் அதற்கு மருந்து என்று அதே விஷத்தை வைத்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாந்தான் புள்ள," என்றான். "வேற யாருமில்ல. நாந்தான்."

அங்கம்மா சிரிக்கவில்லை. "இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல," என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எண்ணெய் குடித்த பட்டையைத் தூக்கி எறிந்தான். புதுப் பட்டை அடித்து, டிரம்மைப் பெட்ரோலால் கழுவி, குடத்துக்குக் கொஞ்சமே கொஞ்சம் மசகு வைத்தான். கை கெஞ்சியது, பல்லைக் கடித்துக்கொண்டு டின்னை மூடினான். மேட்டின் பாதிச் சரிவில் மிதித்தபோது கார் அடங்கி நின்றது. அதன் பிறகும் அவன் விடவில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மேட்டுக்குப் போய் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தான். மீரா சாகிபு முட்டையோடு ஏறி, உடையாமல் இறங்கி, ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

ஒரு விடியற்காலையில் அங்கம்மாவுக்கு வலி கண்டது. அவளே துணிமூட்டையை எடுத்துக்கொண்டு வந்து, அவன் கதவைத் திறக்குமுன் ஏறி உட்கார்ந்தாள். காளியப்பன் ஓட்டினான். முதல் பிள்ளை பிறந்த இடம் வந்தது, போனது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேட்டின் உச்சிக்கு வந்ததும் அவன் காரை நிறுத்திவிட்டான்.

"என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"பிரேக்கா?"

"இல்ல." பிரேக்கை மிதித்த அவன் கால் மிதியை விட்டு எழவில்லை. இத்தனை நாளும் அவள் நம்ப வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டான். தன்னைத் தானே நம்பவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. "காலு ஒத்துழைக்க மாட்டேங்குது, அங்கம்மா."

அவள் ஒரு வலி வந்து போகும் வரை இருக்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "அன்னைக்கு ஏன் நிக்கலன்னு தெரியாது. இன்னைக்குத் தெரியும். நானே பயப்படாம உக்காந்திருக்கேன். எறக்குங்க."

அவன் இறக்கினான். பாதியில் ஒரு தடவை மிதித்தான். கார் நின்றது.

"இப்ப எதுக்கு நிப்பாட்டுனீங்க?"

"சும்மா, பாத்தேன்."

"இன்னொரு தடவ பாத்தீங்கன்னா இங்கயே பெத்துருவேன்," என்றாள் அங்கம்மா.

அவன் அதற்கப்புறம் நிறுத்தவில்லை. லாபிஸ் கடந்து, வெயில் ஏறுவதற்குள் செகாமட் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது, பக்கத்தில் இரண்டு நர்சுகள் இருந்தார்கள். குரல் வராந்தா வரை கேட்டது. காளியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்ற நினைப்பும் இல்லாமல், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதான்.