ரோட்டார் நன்று

எங்கள் அட்டை ஆலையில் எந்த மோட்டாரும் பழுதாவதில்லை. ‘காயில் போயிடுச்சு’, அவ்வளவுதான். பேரிங் உடைந்தாலும் காயில் போயிடுச்சு, ஒயர் தளர்ந்தாலும் காயில் போயிடுச்சு. அந்தக் காயிலை, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, சுற்றுகிறவர் என் அண்ணி. யார் என்ன சொன்னாலும் முதலில் “இல்ல” என்பார். அதனால் ஆலை முழுக்க அவருக்கு இல்லக்கா என்று பெயர். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் “இல்ல, வரேன்” என்றுதான் வருவார்.

கூழ் அரைக்கும் பெரிய மோட்டார் அவர் மானத்தை வாங்கியது. இரண்டு மாதத்தில் இரண்டு முறை காயில் கருக, இரண்டு முறையும் அவரே புதிதாகச் சுற்றினார். மூன்றாம் முறை சூடேறி நின்றதும் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். ‘வைண்டிங் குறைபாடு. பொறுப்பு: காயில் சுற்றியவர்.’ கையெழுத்துப் போட்டால் அட்டை அடுக்கும் பகுதிக்குப் போக வேண்டியதுதான்.

“இல்ல சார். காயில் நல்லாயிருக்கு. ரோட்டார்ல கம்பி உடைஞ்சிருக்கு.”

“ரோட்டாரா? சும்மா சுத்துற இரும்பும்மா அது. அதுல போறதுக்கு என்ன இருக்கு? உங்க கொழுந்தனே பார்த்து எழுதியிருக்காரே!”

கொழுந்தன் நான்தான், அங்கே ஃபிட்டர். இரண்டு முறையும் ‘ரோட்டார் நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்ட புண்ணியவான். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

“எப்படிப் பார்த்தே தம்பி?”

“ஓட்டித்தான் பார்த்தேன் அண்ணி. கரண்ட் மீட்டர் ஊசி அசையவே இல்ல.”

“பெல்ட் மாட்டியா, மாட்டாமலா?”

அரவை எந்திரத்தை இழுக்கும் பெல்ட்டைத்தான் கேட்டார். பெல்ட் மாட்டி, கூழைக் கொட்டி ஓட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை? வெறுமனே ஓடவிட்டு எழுதிவிடுவதுதான் எங்கள் எல்லோருக்கும் வழக்கம்.

“சும்மா சுத்துறப்போ எல்லா ரோட்டாரும் நல்ல பிள்ளைதான். பாரம் ஏறட்டும், கம்பி உடைஞ்சிருந்தா ஊசி ஆடும்.”

“அதெல்லாம் வேணாம்மா. ஒரு கையெழுத்து, முடிஞ்சுது” என்றார் மேலாளர்.

“ஓட்டுங்க சார். ஊசி ஆடலைன்னா நானே போடுறேன். அதுவரைக்கும் என் கை பேனாவைத் தொடாது.”

எனக்கு முதலில் அண்ணி மேல்தான் கோபம் வந்தது. பத்துப் பேர் முன்னால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டதே! பிறகு வெட்கம் வந்தது. பெல்ட்டை எடுத்தேன்.

“யாரைக் கேட்டு மாட்டுற?”

“தப்பாப் பார்த்தவன் நான்தானே சார். நானே மாட்டுறேன்.”

கூழ் இறங்கியது. ஊசி அறுபதுக்கு ஏறியது, ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது.

“மீட்டர் கோளாறு” என்றார் மேலாளர். அண்ணி இன்னொரு மீட்டரை மாட்டினார். அதிலும் அதே ஆட்டம்.

“கூழ் கட்டியா இருக்கும்.”

“கட்டின்னா தாறுமாறா ஆடும் சார். இது தாளம் தப்பாம ஆடுது.”

ரோட்டாரை வெளியே இழுத்தோம். செம்புக் கம்பிகள் ஓர வளையத்தில் சேரும் இடத்தில் மூன்று கம்பிகள் விட்டுப்போய்க் கருத்திருந்தன. அண்ணி அந்த வெடிப்பில் நகத்தை வைத்துக் காட்டினார். ரோட்டார் திணறியதால் காயில் அதிகக் கரண்டை இழுத்து வெந்திருக்கிறது.

“சரிம்மா, சரி பண்ணிடலாம். பழசை விட்டுடுங்க.”

“இல்ல. பழைய ரெண்டு தாளையும் கொண்டாங்க.”

தாள்கள் வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வந்ததும் ‘நன்று’ என்பதை அடிக்கச் சொல்லி என்னிடம் பேனாவைக் கொடுத்தார்.

“நல்லா அழுத்தி அடி தம்பி. படிக்கிறவங்களுக்குத் தெரியணும்.”

அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனசு லேசாகிவிட்டது.

அடுத்த வாரம் தண்ணீர் பம்ப் மோட்டார் நின்றது. நான் இப்போது விவரமான ஆள் அல்லவா!

“காயில்னு நான் சொல்லவே மாட்டேன் அண்ணி. இதுவும் ரோட்டார்தான்.”

அவர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இல்ல. இது காயில்தான். நான் சுத்தினது. கரண்ட் கசியாம உள்ள வைக்கிற காகிதம் மடிஞ்சிருக்கு, பார்க்காம விட்டிருக்கேன்.”

“மெதுவா சொல்லுங்க. மேலாளர் காதுல விழுந்தா அட்டை அடுக்க மாத்திடுவார்.”

“மாத்தட்டும், பார்க்கலாம்.”

நேராக அலுவலக அறைக்குப் போனார். யாரும் கேட்காமலே அதே மாதிரித் தாள் ஒன்றை அவரே எடுத்து, ‘பொறுப்பு: காயில் சுற்றியவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.