மூன்று பிரஷ்ஷும் ஒரு செம்பு நல்ல தண்ணியும்

என் வீட்டுக்காரருக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் தெருவுக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிட்டது. "பொம்பள கையில கத்தியக் குடுத்து ஆம்பள கழுத்த நீட்டறதா?" என்றாள் ஒருத்தி. "ஊட்டுக்கு ஆவாதுங்க" என்றாள் இன்னொருத்தி. ஆகாதாம்! அவர் கை நசுங்கி, துணைக்கு நானும் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் ஒரு தூக்குப்போசி சோறு கொண்டுவந்தவள் ஒருத்தி கிடையாது. ஆகிறது ஆகாதது சொல்வதற்கு மட்டும் வாசல் ஏறி வந்துவிட்டார்கள்.

அவர் முப்பது வருஷம் ரிக் வண்டியில் இருந்தவர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், ரிக் என்றால் போர்வெல் போடுகிற லாரி. ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய் ஊரான் காட்டில் எல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். போன வருஷம் பைப் மாட்டும்போது அது நழுவி வலது கையில் விழுந்தது. மிஞ்சியது கட்டை விரலும் பாதி உள்ளங்கையும்தான்.

சலூனுக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனார். எங்கள் ஊர்ச் சலூனில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ரிக் ஆட்கள். இவருக்குத் துண்டு கட்டி நுரை பூசியதும் ஒருவன் ஆரம்பித்திருக்கிறான், "ஏனுங்ண்ணா, சோறெல்லாம் அண்ணி ஊட்டி உடறாங்களாங்க?" என்று. கடையே சிரித்திருக்கிறது. ஒரு கன்னம் மழித்ததோடு எழுந்து துண்டை எறிந்துவிட்டு வந்துவிட்டார். அந்தக் கடையில் சிரித்த ஒவ்வொருவன் வீட்டுப் போரும் இவர் போட்டது. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

அன்றிலிருந்து அவர் வாசல் தாண்டவில்லை. இடது கையால் தானே முயன்று கன்னத்தைக் கிழித்துக்கொண்டார். பிறகு அதையும் விட்டார். தாடி புதர் போல வளர்ந்தது. அது போகட்டும், வளரட்டும். ஆனால் தையில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கை மேல் மகள் கையை வைத்து அப்பன் தன் கையால் தாங்கிப் பிடிக்க, ஆத்தாக்காரி செம்பிலிருந்து நீர் ஊற்றவேண்டும். தாரை வார்ப்பது என்பது அதுதான். இந்த மனிதர் பத்திரிகை அடித்த அன்றைக்கு, காப்பி குடித்துக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார், "தாரைக்குத் தம்பிய உக்காரச் சொல்லீட்டேன்."

விடுவேனா நான்?

"பெத்தது நீங்க, தாரை வாக்கறது உங்க தம்பியா? நீங்க இருக்கறப்பவே?"

"இந்த மூஞ்சியோட மேடையில உக்காந்தா பாப்பாவுக்குத்தான் அசிங்கம், புள்ள."

கையை அவர் சொல்லவில்லை. முகத்தைச் சொன்னார். கையை என்னால் முளைக்க வைக்க முடியாது, முகத்தைச் சரிசெய்ய முடியாதா? நான் தறி ஓட்டுகிறவள். அறுந்த நூலைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே முடிச்சுப் போடுகிறவள். ஒரு முகத்தை மழிக்க எனக்கு எத்தனை நாள் ஆகும் என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு நன்றாக அனுபவித்தேன்.

முதலில் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் ரேசரை வாங்கினேன். ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து பிளேடு வைத்தது. டப்பாவை அமுக்கினால் நுரை வரும், பூசி இழுத்தால் முடிந்தது. நான்காம் நாள் அவர் கழுத்து முழுக்கச் சீழ்க் கட்டி. சுருட்டை முடியை ஐந்து பிளேடு இழுத்து இழுத்து வெட்டியதில் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்துவிட்டதாம். கழுத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதற்கு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தோல் டாக்டர் சொன்னார், "ஒத்தை பிளேடு ரேசர் வாங்குங்க. சோப்பை பிரஷ்ஷால நல்லா நுரை கட்டிப் பூசி, முடி ஊறினதுக்கு அப்புறம் வழிங்க."

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இதற்கென்றே ஒரு கடை இருந்தது. கடைக்காரர் என் வயதுதான் இருப்பார், மொழுமொழுவென்று மழித்த முகம். கண்ணாடிப் பெட்டிக்குள் பிரஷ்ஷும் ரேசரும் நகைக்கடை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்.

"சாருக்கு கிஃப்ட்டாங்கக்கா?"

"வழிக்கறது நான்தாங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது. நான் பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது.

மனிதர் வேலை தெரிந்தவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று பிரஷ் எடுத்துப் போட்டார். ஒன்று நைலான் மாதிரி செயற்கை முடி. ஒன்று பன்றி முடி. ஒன்று, "கரடி மாதிரி ஒரு பிராணிங்கக்கா, நம்ம ஊர்ல இல்ல." கரடி விலை கரடி மாதிரியே இருந்தது, அதைத் தொடவில்லை. மற்ற இரண்டையும் உள்ளங்கையில் அழுத்தி முடி நிமிர்ந்து எழுகிறதா பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன், உதிர்கிறதா என்று. பன்றி முடி விறைப்பாகக் குத்தியது. சீழ்க் கட்டி உள்ள கழுத்துக்கு ஆகாது என்று செயற்கை முடியை எடுத்தேன்.

ரேசருக்குத்தான் நேரம் பிடித்தது. ஒன்றில் பிளேடுக்குக் கீழே சீப்பு மாதிரி பல். காட்டு முடிக்கு நல்லதாம், பழகாத கைக்கு ஆகாதாம். ஒன்றில் கைப்பிடியைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கும். பார்க்க வேடிக்கை, ஆனால் எனக்கு அந்த வித்தை வேண்டாம். கடைசியில் மூன்றாகக் கழற்றி மாட்டுகிற சாதாரண இரும்பு ரேசரைக் கையில் வைத்தேன். கனமாக இருந்தது. "அழுத்தவே கூடாதுக்கா, அதோட கனமே வழிச்சுக்கும்" என்றார். நல்ல அரிவாளும் அப்படித்தான். அதையே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் அவரை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். போர் குழாயைத் திறந்து கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, சோப்பில் பிரஷ்ஷைச் சுற்றினேன். சுற்றினேன், சுற்றினேன், தோள்பட்டை வலிக்கச் சுற்றினேன். நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக ஏதோ வந்தது. அதைப் பூசி ரேசரை வைத்தால் தரதரவென்று இழுத்தது. ரத்தம் பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்ல புள்ள, இழு" என்றார்.

பிரஷ்தான் மோசம் என்று முடிவு கட்டினேன். பஸ் ஏறிச் சேலம் போய், கடைக்காரரை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் பன்றி முடி பிரஷ்ஷோடு வந்தேன். அதிலும் திப்பிதான். மகள் ஃபோனில் ஆர்டர் போட்டு இன்னொரு பிரஷ்ஷும், சந்தன வாசம் அடிக்கிற புதுச் சோப்பும் வரவழைத்தாள். அதிலும் அதே கதை. மூன்றாம் தடவை தாடைக்குக் கீழே ஆழமாகவே கீறிவிட்டேன். கல்யாணத்துக்குப் பத்து நாள். கொழுந்தனார் தாரைக்குக் கட்டப் பட்டு வேட்டி எடுத்துவிட்டதாகச் சேதி வந்தது. அன்றைக்குத் தறிக்குடோனில் என்னோடு பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் மூன்று பிரஷ்ஷையும் இரண்டு சோப்பையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போய் மேஜையில் கொட்டினேன். "நீங்களே போட்டுக் காட்டுங்க. இதுல நுரை வந்தா நான் என் பேர மாத்திக்கறேன்."

கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் வாங்கிய பிரஷ்ஷையே எடுத்தார். பின்னால் இருந்த குழாயில் நனைத்தார், சோப்பில் சுற்றினார். பொங்கல் பானை மாதிரி பொங்கியது நுரை. அவர் கை, கிண்ணம், மேஜை எல்லாம் வெள்ளை.

"இது என்ன தண்ணிங்க?"

"மேட்டூர் தண்ணிக்கா, கார்ப்பரேஷன் குழாய். உங்க ஊட்ல போரா?"

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, கடையில் நின்று. எங்கள் போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பருப்புக்கு நல்ல தண்ணீர் வைத்துச் சமைக்கிறவள் நான். தலைக்குத் தேய்க்க அரப்புப் பொடி, துணிக்குப் பவுடர் என்று பழகியதில் சோப்புக்கு நுரை வருமா வராதா என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் அதை உப்புத் தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் போரைப் போட்டது அவர். ஒரு பொங்கல் லீவில் முதலாளியிடம் கேட்டு வண்டியைக் கொண்டுவந்து, எண்ணூறு அடி இறக்கித் தன் கையால் போட்டது. தண்ணீர் பீறிட்டபோது தெருவே கைதட்டியது. வாயில் வைத்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது போர் தண்ணி. காவிரிக் குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் வருவது நல்ல தண்ணி. அது குடிக்க, சமைக்க மட்டும்.

பஸ்ஸில் சங்ககிரி வருவதற்குள் எனக்கு இன்னொன்று உறைத்தது. கடைக்காரருக்குத் தெரிந்தது இந்த மனிதருக்குத் தெரியாதா? எந்த ஊர்த் தண்ணீரையும் நாக்கு நுனியில் வைத்து இத்தனை உப்பு என்று சொல்கிறவர் ஆயிற்றே!

வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டேன். "தெரியுங்களா, தெரியாதுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்."

"அப்பறம் ஏனுங்க வாயத் தொறக்கல? மூணு வாட்டி உங்க மூஞ்சியக் கிழிச்சிருக்கறேன்! ரத்தத்தத் தொடச்சுத் தொடச்சு நானு..."

"நல்ல தண்ணி குடிக்கவே பத்தறதில்ல. கலியாண ஊடு வேற. கையில்லாதவன் மூஞ்சி கழுவவா அது?" என்றார். பிறகு சுவரைப் பார்த்து, "ஊரெல்லாம் நல்ல தண்ணி எடுத்துக் குடுத்தேன். என் ஊட்டுல உப்பு. அதையும் என் வாயாலயே சொல்லோணுமா?"

எங்கள் வீட்டில் போர் தண்ணியை உப்பு என்று சொல்லி அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "உப்புன்னா உப்பு! அதுக்காகப் பெத்த புள்ளயத் தம்பிகிட்டத் தாரை வாக்கக் குடுப்பீங்களா? இத்தன நாளா நாங்க குடிச்சு வளந்த தண்ணியில உங்களுக்கு ஒரு செம்பு இல்லீங்களா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். கத்திவிட்டு அடுக்களைக்குப் போய், நல்ல தண்ணிக் குடத்தில் செம்பை விட்டு மொண்டு வந்து அவர் முன்னால் டங்கென்று வைத்தேன்.

ஒரு செம்புதான். மொத்தமே ஒரு செம்பு போதுமாக இருந்தது. நுரை கன்னத்தில் கெட்டியாக நின்றது. ரேசரை அழுத்தாமல் வைத்தேன், அதன் கனத்திலேயே இறங்கியது. கட்டி இருந்த இடங்களை விட்டு விட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று பழகினேன். கல்யாணத்துக்கு முதல் நாள் மீசையைக் கத்தரித்து, கன்னத்தைத் துடைத்துக் கண்ணாடியைக் காட்டியபோது அவர் இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

முகூர்த்தத்தன்று மேடையில் அவர்தான் உட்கார்ந்தார். கொழுந்தனார் புதுப் பட்டு வேட்டியோடு பக்கத்திலேயே நின்றார். தாரை வார்க்கிற நேரத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங்ண்ணா, கை நிக்காட்டி நான் வேணா புடிச்சுக்கட்டுங்களா?" என்றார்.

நான் செம்போடு திரும்பினேன். "தம்பி, உங்க கை நல்லாத்தான் இருக்குது. பந்தியில எலை போட ஆள் பத்தலையாமா, போங்க."

மாப்பிள்ளை கை, அதன் மேல் மகள் கை, இரண்டுக்கும் அடியில் கட்டை விரலும் பாதி உள்ளங்கையுமாக அவர் கை. ஐந்நூறு பேர் பார்க்கட்டும் என்று அதை நன்றாக வெளியே இழுத்துவிட்டேன். வீட்டுக் குடத்திலிருந்து நானே மொண்டு கொண்டுபோன தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன். மூன்று கையிலும் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது. மழித்த முகம் என் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

"போதும் புள்ள" என்று முணுமுணுத்தார். "நல்ல தண்ணி."

நான் செம்பைக் கவிழ்த்து முழுக்க ஊற்றினேன்.