நண்பகல் உயரம்

நிலையத்தில் அவளை எல்லோரும் ஸ்கேல்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வானத்துக்கு ரேடியோ அலையை அனுப்பி, அது மோதித் திரும்புவதைப் படச்சுருளில் பதியும் இடம் அது. சுருளைக் கண்ணாடி மேசையில் விரித்து, மேல்வானத்தில் அந்த அலையைத் திருப்பும் மின்னடுக்கு எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவது வேலை. ஓய்வுபெறும்வரை பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தாள்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பெரியக்கா. அவர் எழுதிய நண்பகல் உயரங்கள் ஒரு வாரம் ஏறின, மறு வாரம் இறங்கின. தினமும் அதே நேரத்து உயரம் இப்படி ஆடாது என்று நினைத்த அதிகாரி பதிவேட்டில் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று எழுதி, அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார். "கண்ணு பூத்துப்போச்சு போல" என்று கேலி பேசியவர்களில், அப்போது வேறு பிரிவில் இருந்த ஸ்கேல்காரம்மாவும் ஒருத்தி. இரண்டு வருடம் கழித்து நோயில் படுத்த பெரியக்கா எழுந்திருக்கவில்லை.

அதுவரை காலியாகக் கிடந்த அந்த இடத்துக்கு ஸ்கேல்காரம்மாவை மாற்றினார்கள். மூன்றாம் மாதமே தெரிந்தது, அவள் அளவும் அப்படியே ஏறி இறங்கியது. திரும்பத் திரும்ப அளந்தும் மாறவில்லை. சாப்பாட்டு இடைவேளைகளில் பெரியக்காவின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு அளவுக்கும் எதிரே அன்றைய பிறையைக் குறித்தாள். அமாவாசையை ஒட்டி எப்படியோ, பௌர்ணமியை ஒட்டியும் அப்படியே. நடுவில் நேர்மாறு. பதினைந்து நாளுக்கொரு சுற்று.

தாளை அதிகாரி முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொரு பிறையாக விரல் வைத்துப் படித்தார்.

"கடல் மாதிரிதாம்மா காத்தும். சந்திரன் இழுக்குது. தரையில நமக்குத் தெரியாது. மேல போகப் போகக் காத்து லேசாகுது, அலை பெருசாகுது. அடுக்கையே தூக்கி இறக்குது." குரல் தாழ்ந்தது. "நான் படிச்ச விஷயம்தான். அந்தம்மா அளவுல அதைத் தேடத் தோணலை."

"அந்தச் சிவப்பு மை, சார்?"

அவர் பதிவேட்டை எடுத்து, அந்தச் சிவப்புக் குறிப்பின் கீழே, 'அளவுகள் சரி. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தச் சனிக்கிழமை பெரியக்கா வீட்டுக்குப் போனாள். தையல்காரரான அவரது கணவர், அவள் விஷயத்தைச் சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சந்திரனாலயா?"

"ஆமாண்ணே."

"கடைசிவரைக்கும் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டா. மூணு தடவை கண்ணாடி மாத்தினோம்."

"நானும் சிரிச்சேண்ணே, அவங்களைப் பார்த்து."

அவர் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு."