ஸ்டெப்னி இல்லாத வண்டி

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் ஜீப் ஓட்டிய சென்றாயனுக்கு, அறுபது வயதுக்கு மேல் கிடைத்த வேலை ஒரு காரைப் பார்த்துக்கொள்வது. ஓட்டுவது இல்லை. பார்த்துக்கொள்வது மட்டும்.

காரின் சொந்தக்காரர் மரியசெல்வி. பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். மஞ்சக்குட்டை போகிற வழியில் மூன்று ஏக்கர் தோட்டத்தோடு ஒரு பழைய பங்களாவை வாங்கிப் போட்டிருந்தார். பெங்களூரில் அந்த வண்டியை ஓட்ட ரோடும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை என்று ஏற்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மாதம் ஒரு முறை வந்து, விடியற்காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரம் வரை போய்விட்டு ஏறி வருவது என்று ஏற்பாடு. அவ்வளவுதான் அந்தக் காருக்கு வேலை.

சென்றாயனுக்கு அந்த வேலை வெறும் சம்பளம் மட்டும் இல்லை. மனைவி அத்தாயி இறந்த வருடமே ஓய்வும் வந்து, எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகள் கலாவதி திருப்பூரில் இருந்தாள். ஒரே அறை, அதில் ஏற்கெனவே நாலு பேர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறைதான் இப்போது அவருக்கு வீடு. காவல் வேலை போனால் அந்த அறையும் போய்விடும்.

கார் வந்த அன்றே அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பளபளவென்று நீல நிறம். ரெண்டே சீட். கதவுக்குக் கைப்பிடியே தெரியவில்லை. குனிந்து அடியில் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், ஸ்டெப்னி எங்கீங்க?"

"ஸ்டெப்னி கிடையாதுண்ணா."

"ஷோரூம்காரன் எடுத்து வெக்க மறந்துட்டானாட்ட இருக்குது. போன் போட்டுக் கேளுங்க."

"மறக்கலண்ணா. இந்த மாடலுக்கே கிடையாது. பஞ்சர் ஆனா இந்த டப்பாவுல இருக்கிற பசைய டயருக்குள்ள அடிச்சு, காத்து பிடிச்சு, மெதுவா போகணும்."

சென்றாயன் டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "இத்தன வெல குடுத்து வாங்கியிருக்கீங்க. கடேசில பசைய நம்பிப் போறதுங்களா?"

மரியசெல்வி சிரித்துவிட்டார். அன்று முழுக்க ஒவ்வொன்றாகக் காட்டினார். முன் மூடியைத் திறந்தால் இன்ஜின் இல்லை, ஒரு சின்னப் பெட்டி வைக்கிற பள்ளம்தான் இருந்தது. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். அதையும் மூடி போட்டு மறைத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் கண்ணாடி தானாக ஒரு விரல்கடை இறங்கும், மூடினால் தானாக ஏறிக்கொள்ளும். கேட்டுக்கு முன்னால் இருந்த மேட்டில் அடி தட்டாமல் இருக்க ஒரு பட்டனை அழுத்தினார், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. சாயங்காலம் திரும்பி வரும்போது யாரும் பட்டனைத் தொடவில்லை. அதே மேடு வந்ததும் வண்டி தானே மூக்கைத் தூக்கியது. இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளுமாம்.

போகும்போது மரியசெல்வி சொன்னார்: "கம்பெனி வேலையா ரெண்டு மாசம் வெளிநாடு போறேண்ணா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வருவேன். ஞாயித்துக்கிழமை காலைல ஸ்டார்ட் பண்ணி பதினஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, நகத்த வேண்டாம். சாவிய பங்களா பீரோவுல வெச்சுடுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சேலத்துல ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்கு விட்டுடுன்னு எங்கண்ணன் சொல்றான். வயசானவர் ஒருத்தர நம்பி இந்த வண்டிய விடறியான்னு கேக்கறான். நான் வரும்போது வண்டி நல்லபடியா இருந்தா அவன் வாய அடைச்சுடலாம்" என்றார்.

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க" என்றார் சென்றாயன்.

சாவியை அவர் பீரோவில் வைக்கவில்லை. அவர் வேலை பார்த்த எஸ்டேட்டில் ஒரு முறை ஆபீஸ் ஆணியில் மாட்டியிருந்த ஜீப் சாவியை யாரோ எடுத்துக்கொண்டு போய், வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்டார்கள். அன்றைக்கு எஸ்டேட் கணக்கு பார்த்த ரைட்டர் போட்ட சட்டம், வண்டிச் சாவி டிரைவர் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. குளிக்கும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, அரைஞாண் கயிற்றில்தான் தொங்க வேண்டும். நாகலூர் டிரைவர்கள் எல்லாருக்கும் அது பழகிப்போயிற்று. மேடத்துக்கு வண்டிக் காவல் தெரியாது, பீரோவை நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டு, வழவழப்பான கருப்புச் சாவியைத் துணியில் சுற்றி இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார்.

முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தார். மழை ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம் வண்டியின் உறையை எடுத்து வெளியே உலரப் போட்டுவிட்டு வந்து, பதிந்திருந்த ஈரத்தைத் துடைக்கலாம் என்று கிட்டே போனார். கார் விழித்துக்கொண்டது. முன் விளக்குகள் மெதுவாக வெளிச்சமாயின. மடங்கியிருந்த இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மாட்டுக் காதுபோல விரிந்தன. கதவுக்குள் ஒளிந்திருந்த கைப்பிடி வெளியே வந்து நின்றது. உள்ளே எங்கோ முணுமுணுவென்று ஒரு சத்தம். சென்றாயன் பயந்து நாலு எட்டுப் பின்னால் போனார். விளக்கு அணைந்தது, கண்ணாடி மடங்கியது. மறுபடி கிட்டே வந்தார். மறுபடி எழுந்தது.

"என்னயத் தெரியுதா உனக்கு?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அன்றைக்குக் காலையிலிருந்து அவர் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பட்டது.

அந்தப் பக்கம் வீடுகள் தள்ளித் தள்ளித்தான். தோட்ட வேலைக்கு வாரம் இரண்டு நாள் பொன்னாயி என்கிற பெண் வருவாள். மிளகுக் கொடியைக் கட்டிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். கலாவதி போன் செய்தால் பின்னால் குழந்தைகள் சத்தம் பெரிதாகக் கேட்கும், "சாப்ட்டீங்களாப்பா" என்பதற்கு மேல் பேச்சு நகராது. மற்ற நேரமெல்லாம் பனி வந்து சில்வர் ஓக் மரங்களை மூடும், பிறகு விலகும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே சென்றாயன் சாப்பாட்டுத் தட்டைக் கார் நின்ற ஷெட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் கார் விழிக்கும்போது ஏதோ வீட்டுக்குள் ஆள் எழுந்து வருவது போல இருந்தது. ஓட்டு அறை ஒழுகத் தொடங்கியதும் அதைச் சாக்காக வைத்துக் கட்டிலையும் ஷெட்டுக்கே மாற்றிக்கொண்டார். காருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம். சில நாள் பொழுது போகாவிட்டால் எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருவார். அது விளக்கைப் போடும். இவர் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருப்பார். கிலோமீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு, பழைய ஜீப் எந்த வளைவில் எப்படி முனகும் என்று அதனிடம் சொல்வார்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை மரியசெல்வி போன் செய்தார். வெளிநாட்டு வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது, சனிக்கிழமை காலை வருகிறார், அண்ணனும் கூட வருகிறார்.

போனை வைத்துவிட்டு, வண்டியைத் துடைக்கலாம் என்று உறையை எடுத்தார். விளக்கு எரியவில்லை. கண்ணாடி விரியவில்லை. கைப்பிடி வெளியே வரவில்லை. வாசல் வரை போய் வந்தார். சாவியை அவிழ்த்துக் கதவுக்குக் கிட்டே காட்டினார். பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. காலையில் அது விழித்ததா என்று யோசித்துப் பார்த்தார். பனியில் கவனிக்கவில்லை.

உடனே உசேனுக்குப் போன் செய்தார். உசேன் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். எஸ்டேட் ஜீப்புகளுக்கெல்லாம் அவர்தான் பேட்டரி போட்டவர். மறுநாள் காலை ஸ்கூட்டரில் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்ன டிரைவரே, ராக்கெட்டு கௌம்பமாட்டேங்குதா?"

"கிண்டல் பண்ணாதீங்க பாய். நாளைக்கு அவங்க வர்றாங்க."

"பேட்டரி எங்க இருக்குது?"

"முன்னாடி மூடிக்குள்ளயாட்ட இருக்குதுங்க."

"மூடியத் தொறங்க."

"அது கரண்ட்லதான் தொறக்கும்."

உசேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார். "அப்ப பேட்டரி செத்தா மூடி தொறக்காது. மூடி தொறக்காட்டி பேட்டரிய எட்ட முடியாது. இதக் கட்டுனவனக் கூப்பிட்டு நாலு நாளு நம்ம கடையில ஒக்கார வெக்கோணும்."

வண்டியோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தைச் சென்றாயன் பங்களாவிலிருந்து எடுத்து வந்தார். உசேனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், மீதியைப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கருப்புச் சாவியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழை அழுத்தினால், அதன் வயிற்றுக்குள்ளிருந்து சாதாரண இரும்புச் சாவி ஒன்று வந்தது. ஆறு வாரம் இடுப்பில் கட்டியிருந்தும் சென்றாயனுக்கு அது தெரியவில்லை. கைப்பிடியின் முன் பக்கம் அழுத்தினால் பின் பக்கம் நெம்பிக்கொண்டு வந்தது. அதற்கடியில் சாவித் துவாரம். கதவு திறந்தது. கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் பெட்டி. அதிலிருந்து சிவப்பாக ஒரு ஊசியை வெளியே இழுக்கலாம். அதில் சிவப்பு வயரையும், கதவு பூட்டிக்கொள்கிற கொக்கியில் கருப்பு வயரையும் கொடுக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தது.

வயரைக் கொடுத்ததும் கார் ஹாரனை அலறவிட்டது. பலா மரத்திலிருந்த குரங்குகள் கொப்பு கொப்பாகத் தாவி ஓடின. உசேன் வயரை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்கு வெளியே போய் நின்றார். "திருடன்னு நெனச்சிருச்சு. நீங்க சொல்லுங்க, நம்மாளுன்னு." சென்றாயன் பட்டனை அழுத்த, சத்தம் நின்றது. அடுத்து மூடிப் பட்டனை அழுத்தியதும் முன் மூடி டக்கென்று திறந்துகொண்டது.

பிறகு வேலை சுலபமாக முடிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஓட விட்டு, டீ குடித்துக்கொண்டே உசேன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு நிறுத்தினார்.

"டிரைவரே, சாவிய எங்க வெக்கிறீங்க?"

"இடுப்புலதான்."

"படுக்கறது எங்க?"

சென்றாயன் கட்டிலைப் பார்த்தார்.

"வண்டி நிக்கும்போது சாவிய ஆறு மீட்டருக்கு அக்கட்ட வெக்கச் சொல்லிப் போட்டிருக்கான். கிட்டவே இருந்தா ஆளு வந்துட்டாருன்னு நெனச்சு வண்டி தூங்காதாம். பேட்டரி கொஞ்சங்கொஞ்சமா எறங்கிருமாம்." உசேன் சிரித்தார், பிறகு சென்றாயன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "விடுங்க. இப்பத்தான் ஓடுதல்ல. அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அண்ணங்காரன் வேற வர்றான்."

அன்று சாயங்காலம் சென்றாயன் கட்டிலை ஓட்டு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாவியைப் பீரோவில் வைத்தார். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தார்.

சனிக்கிழமை காலை மரியசெல்வியும் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, குறை ஒன்றும் கிடைக்காமல் போனைப் பார்க்கத் தொடங்கினார். மரியசெல்வி கையுறை போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆயிற்று.

"பார்த்தியாடா?" என்றார் அண்ணனிடம்.

மேடம் இப்போது இருபது வளைவும் இறங்கப்போகிறார் என்று சென்றாயனுக்கு நினைவு வந்தது. எஸ்டேட்டில் வண்டியைக் கைமாற்றும்போது அதன் குறையைச் சொல்லாமல் சாவியைக் கொடுத்த டிரைவரை மற்ற டிரைவர்கள் யாரும் மதிக்க மாட்டார்கள். பாதி மலையில் வண்டி நின்றுபோனால்? கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், ஒரு நிமிசமுங்க. முந்தாநாளு பேட்டரி செத்துப்போச்சுங்க. நேத்து உசேன் பாய் வந்து ஏத்திவிட்டாரு. இப்ப நல்லாத்தான் இருக்குது. ஆனாலும் வழியில எங்கீம் ஆஃப் பண்ணிப்போடாதீங்க."

"எப்படிண்ணா செத்துச்சு? வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணீங்கல்ல?"

"சாவிய பீரோவுல வெக்கலீங்க. இடுப்புல கட்டீட்டு இங்கயே படுத்துக்கிட்டனுங்க. அது தூங்காம இருந்திருக்குது."

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் சொன்னேன்ல?"

"நீ சும்மா இரு" என்றார் மரியசெல்வி. பிறகு சென்றாயனைப் பார்த்து, "ஷெட்டுல எதுக்குண்ணா படுத்தீங்க? இந்தக் குளிர்ல?"

ஓடு ஒழுகியதைச் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் சென்றாயனுக்கு அது மட்டும் காரணமாகப் படவில்லை. "சும்மாதானுங்க" என்றார்.

மரியசெல்வி திரும்பி, நனைந்து கறுத்திருந்த ஓட்டு அறையின் கூரையைப் பார்த்தார். பிறகு கியர் போட்டுக் கிளம்பிப் போனார். திரும்பி வந்ததும் முடிவைச் சொன்னார். சென்றாயன் தொடர்ந்து இருக்கலாம், அதே சம்பளம், செக்யூரிட்டி கம்பெனி வேண்டாம். அறையின் கூரை ஓடுகளையும் மாற்றித் தரச் சொல்கிறார். ஷெட்டில் பிளக் வைத்து பேட்டரிக்கு ஒரு சார்ஜர் மாட்டிவிட்டால், மாதக் கணக்கில் ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. சாவியை இனிமேல் மரியசெல்வியே பெங்களூருக்குக் கொண்டுபோய்விடுவார்.

"உங்களுக்கும் தொல்லை இல்லண்ணா."

"ஆமாங்க" என்றார் சென்றாயன்.

திங்கட்கிழமை ஆள் வந்து சார்ஜரை மாட்டிவிட்டுப் போனார். நீல உறைக்கு அடியில் ஒரு பச்சை விளக்கு மட்டும் எந்நேரமும் எரிந்தது, யார் வந்தாலும், வராவிட்டாலும். சென்றாயன் ஷெட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினார். வேலை இருந்தது, அறை இருந்தது, ஓடும் புதிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்கிற வேலையும் இல்லாததால், எந்தக் கிழமை என்று தெரிந்துகொள்ளத்தான் அவசியம் இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வந்தார். உசேன் கடை பூட்டியிருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரம்மா, "வெள்ளிக்கெழமைல்லீங்க, பாய் தொழுகைக்குப் போயிருக்காரு. என்ன சாமானுங்க வேணும்?" என்று கேட்டாள்.

"சாமானெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பாயப் பாக்கலாம்னுதான்" என்றார். கடைப் படியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். மஞ்சக்குட்டை போகிற பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, அவருக்காக ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.