இரு பக்கப் பொதி

மாமுவின் நாவலை அலமாரியில் நிற்கவைக்க முடியாது; ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். பாலக்காட்டில் அதை பைண்டு செய்தவன் முதுகுப் பசையில் கஞ்சத்தனம் காட்டிவிட்டான். பொதி சரியாமல் மலையேற்றுவதில் பேர்போன மனிதரின் புத்தகத்துக்கா இந்தக் கதி என்று இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் என் அம்மாவின் அண்ணன். கொல்லங்கோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மழை விட்டதும் மட்டக்குதிரைகளின் மேல் சேலையும் கம்பளியும் ஏற்றி, காந்தலூர் வழியாகச் சின்னக்கானல் தேயிலைத் தோட்டங்கள் வரை போய் விற்றுவருவார். போன இடத்திலெல்லாம் கேட்ட கதைகளை ஒரு குதிரையின் பயணத்தில் கோத்து நாவலாக்கினார். ஒரு கதையில் ஓரமாக வந்து போகிறவள் அடுத்த கதையில் நாயகி. எங்கள் பக்கத்தில் அப்படி எழுத யாரும் துணிந்ததில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன், பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்த என்னிடம் கையெழுத்துப் பிரதிக் கட்டைக் கொடுத்து, "ஒளிக்காமச் சொல்லு புள்ளே" என்றார்.

ஒளிப்பது என் சுபாவமே இல்லை. அவருடைய மலைப்பாதையும் மனிதர்களும் என்னை அசத்தினார்கள், பொறாமைகூட வந்தது. ஆனால் பாதியிலேயே சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒரு கதையில் சாவு என்றால் அடுத்ததில் கல்யாணம். ஒருவர் பிரிந்தால் வேறு இருவர் சேர்ந்தாக வேண்டும்.

"ஏனுங்க மாமு, குதிரைக்குப் பொதி கட்டற மாதிரியே கதையும் கட்டியிருக்கீங்களே! ரெண்டு பக்கமும் ஒரே கனம்."

"ஒரு பக்கம் கனத்தா குதிரை கவுந்துருமே" என்றார், நிஜமான கவலையோடு.

எல்லாவற்றிலும் மோசம் கடைசிக் கதை. முதல் கதையில், கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் புருஷன் வேறு வேலை தேடி மலையிறங்கிப் போகிறான். கடைசியில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். "நெசமாவே வந்தானுங்களா?" என்று கேட்டேன்.

"வரல."

ஒவ்வொரு பயணத்திலும் அவள் மாமுவின் குதிரையை மறித்து, எங்கேயாவது தன் புருஷனைப் பார்த்தீர்களா என்று கேட்பாளாம். இல்லை என்று சொல்லிச் சொல்லி மாமுவுக்கு அந்த வழியாகப் போகவே பயம் வந்துவிட்டது. "கதையிலயாச்சும் கொண்டாந்து விடலாம்னுதான்" என்றார். ஆனாலும் அதை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். இரக்கம் வேறு, கதை வேறு.

அவர் எடுக்கவில்லை. அடுத்த பயணத்தில் கட்டோடு சின்னக்கானலுக்குப் போய், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவளுக்கே படித்துக் காட்டினார். திரும்பி வந்த புருஷன், "கண்ணே, உன்னைப் பிரிந்து தவித்தேன்" என்று தொடங்கி அரைப்பக்கம் பேசுவான். அவள் பாதியிலேயே கைகாட்டி நிறுத்திவிட்டாளாம். "அவுக இப்படிப் பேச மாட்டாக" என்றாளாம். எப்படிப் பேசுவான் என்பதையும் அவளே சொன்னாள். மாமு அரைப்பக்கத்தையும் அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டு வந்தார். அப்படியே அச்சாயிற்று.

என் தீர்ப்பில் இன்றும் மாற்றமில்லை. பெரிய ஆசையோடு எழுதிய பெரிய நாவல்; பாதி பொன், பாதி பாரம். அந்த முடிவு பொய். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் சரிந்து கிடக்கும் அந்தப் புத்தகத்தை எப்போது கையில் எடுத்தாலும் அது தானாக விரிவது கடைசிக் கதையில்தான். அத்தனை தடவை பிரித்தது வேறு யாருமில்லை, நான்தான். அவள் கதவைத் திறக்கிறாள். அவன் மழையில் நனைந்து நிற்கிறான்.

"ஏட்டி, அடுப்பு எரியுதா? கை வெறச்சுப் போச்சு."